இருமலில் இரத்தம்: 1918இல் ரயிலில் வந்த காய்ச்சலும் எங்கட வயல் காய்ச்சலும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வயல் செய்கிற வீட்டுக்காரர் கட்டாயம் வாசியுங்கள்.

நான் வரலாறு படிப்பிக்கிற டீச்சர். வைத்தியம் படித்தவள் இல்லை. ஆனால் போன தவணை தரம் 11 வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. முதலாம் உலக யுத்தம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யுத்தத்தில் செத்தவர்களைவிட அந்த முடிவுக் காலத்தில் வந்த இன்புளுவென்சா காய்ச்சலில் செத்தவர்கள் அதிகம், பலருக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்தது என்று சொன்னேன். பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினான்.

"டீச்சர், எங்கட வாப்பாவும் இரத்தமாத்தான் இருமினார். அதுவும் அந்த வைரஸா?"

அவனுடைய வாப்பா ஒரு பெரும்போக நேரம் மௌத்தானவர். நல்ல உடம்புக்காரர், வரம்பு கட்டி, களை பிடுங்கி, இடுப்பளவு தண்ணிக்குள் நின்றவர். காய்ச்சல் வந்து நாலு நாள் வீட்டில் கிடந்தார். "வைரஸ் காய்ச்சல்தானே, மூணு நாளில போயிடும்" என்று எல்லோரும் சொன்னோம். ஐந்தாம் நாள் மூச்செடுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அடுத்த நாள் ஜனாஸா.

வகுப்பு முடிந்த பிறகு அவன் தனியாக வந்து இன்னொன்றும் கேட்டான். அதைக் கடைசியில் சொல்கிறேன். அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*நுரையீரலுக்குள் இரத்தம் ஏன் வருகிறது?*

முதலில் ஒரு பழைய கதை. நுரையீரலில் இரத்தம் என்ன செய்கிறது என்பதைச் சரியாக எழுதிய முதல் மனிதர்களில் ஒருவர் இப்னு அந்-நபீஸ். 1213இல் டமஸ்கஸ் பக்கம் பிறந்து, கெய்ரோவில் வைத்தியராக இருந்து, 1288இல் மௌத்தானவர். இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இரத்தம் போகிறது என்று அதுவரை எல்லோரும் நம்பினார்கள். கிரேக்க வைத்தியர் கேலன் அப்படித்தான் எழுதியிருந்தார். இப்னு அந்-நபீஸ் 1242இல், அந்தச் சுவர் கெட்டியானது, அதில் துளை இல்லை, இரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு சேர்ந்துதான் இடது பக்கம் திரும்புகிறது என்று எழுதினார். அவருடைய அந்தக் கையெழுத்துப் பிரதியை 1924இல் ஒரு எகிப்திய வைத்தியர் ஜேர்மனியில் கண்டெடுக்கும்வரை உலகம் அதைப் பெரிதாக அறிந்திருக்கவில்லை.

அவர் சொன்ன அந்த இடம்தான் எங்கள் கதையின் இடம். நுரையீரலுக்குள் 30 கோடிக்கும் அதிகமான சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பையையும் மயிர்த்துளைக் குழாய்கள் சுற்றியிருக்கின்றன. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் இரத்தம். இடையில் இருக்கிற சவ்வு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் ஒட்சிசன் இலகுவாக உள்ளே போகிறது. அதே காரணத்தால் அது இலகுவாகச் சேதமடைகிறது. கிருமியாலோ, கிருமியோடு உடம்பு செய்கிற சண்டையாலோ அந்தச் சவ்வு கிழிந்தால் காற்று இருக்க வேண்டிய பைக்குள் இரத்தம் நிறைகிறது. வெளியே வருகிற இரத்தம் ஒரு கரண்டி அளவாக இருக்கலாம். உள்ளே நிற்பது அதைவிடப் பல மடங்கு. சிலருக்கு இருமலில் இரத்தமே வராது, மூச்சு மட்டும் முட்டும்.

*எங்கள் தண்டவாளத்தில் வந்த காய்ச்சல்*

இப்போது 1918க்கு வருவோம்.

வடக்கு ரயில் பாதை வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் வரை 1905இல் போய்ச் சேர்ந்தது. 1914இல் மதவாச்சியிலிருந்து செட்டிகுளம், மடு வீதி, முருங்கன், மன்னார் வழியாகத் தலைமன்னார் வரை பாதை வந்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல். தோட்டங்களுக்கு வந்த இந்தியத் தொழிலாளர், வியாபாரிகள், யாத்திரிகர் எல்லோரும் எங்கள் ஊர்களைக் கடந்துதான் போனார்கள். யுத்தத்தில் அழிந்து, 2015இல் தலைமன்னார் வரை திரும்பத் திறந்த அதே பாதைதான்.

அந்தப் பாதை திறந்து நாலு வருடத்தில் இன்புளுவென்சா வந்தது. இலங்கைக்குள் அது இரண்டு வாசலால் நுழைந்ததாக அந்தக் கால இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் காட்டுகிறார்கள். ஒன்று கொழும்புத் துறைமுகம். மற்றது தலைமன்னார். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. 2014இல் வெளிவந்த ஒரு ஆய்வு இலங்கையின் இழப்பை ஏறத்தாழ 307,000 என்று கணக்கிட்டது. அதாவது அப்போதைய சனத்தொகையில் 100க்கு 6 பேருக்கும் மேல். அதற்கு முந்தைய கணக்குகள் இதைவிட மிகக் குறைவு. இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் போனார்கள். உலகம் முழுவதும் 5 கோடி வரை என்று சொல்லப்படுகிறது.

அந்தக் காய்ச்சலின் விசேடம், அது வாட்டசாட்டமான இளம் ஆட்களைக் கொன்றது. 20க்கும் 40க்கும் இடைப்பட்டவர்கள். முகமும் உதடும் நீலம் பாரிக்கும். மூக்கால் இரத்தம் வரும். இருமினால் நுரையோடு இரத்தம் வரும். இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்த வைத்தியர்கள், நுரையீரல் இரத்தம் கலந்த நீரால் நிறைந்து பாரமாக இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். வைரஸ் பாதித்த நுரையீரலில் பின்னால் பக்டீரியாக்கள் புகுந்து நிமோனியா ஆக்கியதுதான் பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம் என்று 2008இல் ஒரு ஆய்வு காட்டியது.

அப்போது என்ன சிகிச்சை இருந்தது? உண்மையைச் சொன்னால், ஒன்றும் இல்லை. அது ஒரு வைரஸ் என்பதே தெரியாது. ஒரு பக்டீரியாதான் காரணம் என்று பெரிய பெரிய நிபுணர்கள் நம்பினார்கள். மனிதருக்கு வருகிற இன்புளுவென்சா வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933இல்தான். பெனிசிலின் வரவில்லை. மூச்சு இயந்திரம் இல்லை. கொய்னா கொடுத்தார்கள், கற்பூரம் கொடுத்தார்கள், அஸ்பிரின் கொடுத்தார்கள்.

இந்த அஸ்பிரின் விஷயம் முக்கியமானது. அமெரிக்காவில் அந்தக் காலத்து வைத்தியர்களுக்குச் சொல்லப்பட்ட அளவு நாளொன்றுக்கு 8 கிராமிலிருந்து 31 கிராம் வரை. 300 மில்லிகிராம் குளிசை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 27 குளிசையிலிருந்து 100 குளிசை வரை. அவ்வளவு அஸ்பிரின் உள்ளே போனால் நுரையீரலில் நீர் கோக்கும், இரத்தம் உறையாது. 1918இன் சில மரணங்களுக்கு அந்த மருந்தே துணை போயிருக்கலாம் என்று கேரன் ஸ்டார்கோ என்ற அமெரிக்க வைத்தியர் 2009இல் எழுதினார். எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் இரத்தம் கசியும் சாத்தியம் உள்ள காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்கக்கூடாது என்பதில் இன்று ஒரு வைத்தியருக்கும் சந்தேகம் இல்லை.

*பிறகு என்ன கற்றுக்கொண்டார்கள்?*

1952இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் போலியோ பரவியது. பிள்ளைகள் மூச்சுவிட முடியாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். பியோன் இப்சன் என்ற வைத்தியர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டு, குழாய் வைத்து, ஒரு றப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். அதைப் பார்த்து ஏறத்தாழ 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இராப்பகலாகப் பை அமுக்கினார்கள். இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவும் மூச்சு இயந்திரமும் அந்தக் கைகளின் பிள்ளைகள்.

நுரையீரலில் இரத்தம் கசிகிறவருக்கு இந்த இயந்திரம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ஒட்சிசன் கொடுக்கிறது. மற்றது, மூச்சு வெளியே போன பிறகும் உள்ளே ஒரு அழுத்தத்தை வைத்துக்கொள்கிறது. அந்த அழுத்தம் காற்றுப் பைகள் சுருங்கி மூடிக்கொள்ளாமல் திறந்து வைக்கிறது.

ஆனால் பெரிய மூச்சாகக் கொடுத்தால் கிழிந்த நுரையீரல் இன்னும் கிழியும். இதை நிரூபித்தது 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் 861 நோயாளர்களில் செய்யப்பட்ட பரிசோதனை. பழைய முறைப்படி பெரிய மூச்சுக் கொடுக்கப்பட்டவர்களில் 100க்கு 40 பேர் இறந்தார்கள். சின்ன மூச்சுக் கொடுக்கப்பட்டவர்களில் 31 பேர். புது மருந்து ஒன்றுமில்லை, காற்றின் அளவைக் குறைத்ததுதான். 100க்கு 9 பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள்.

2009இல் எச்1என்1 வந்தபோது இன்னொரு கருவி பெயர் பெற்றது, எக்மோ. உடம்பிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் ஒட்சிசன் ஏற்றி, திரும்ப உடம்புக்குள் விடுகிறது. நுரையீரலுக்கு ஓய்வு கிடைக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. இரத்தம் குழாய்க்குள் உறையாமல் இருக்க, உறைவைத் தடுக்கும் மருந்து வேண்டும். நுரையீரலில் ஏற்கனவே இரத்தம் ஓடுகிறவருக்கு அந்த மருந்தைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து? எவ்வளவு குறைத்துக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று வைத்தியர்கள் மணிக்கு மணி கணக்குப் பார்க்கிறார்கள்.

ஸ்டீரொய்ட் மருந்தும் அப்படித்தான். 2020இல் கொவிட் நோயாளிகளில் மூச்சு இயந்திரத்தில் இருந்தவர்களுக்கு டெக்ஸாமெதசோன் கொடுத்தபோது மரணங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஆனால் இன்புளுவென்சா நோயாளிகளை அவதானித்த ஆய்வுகளில் ஸ்டீரொய்ட் கொடுக்கப்பட்டவர்களில் இறப்பு கூடுதலாகக் காணப்பட்டது. இரண்டும் வைரஸ், இரண்டும் நுரையீரல். ஒன்றுக்கு உதவுவது மற்றதற்குக் கெடுதலாகலாம். அதனால்தான் டொக்டர்மார் எங்களிடம் இத்தனை கேள்வி கேட்கிறார்கள். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று தெரியும்.

*வைரஸ் என்று நினைத்தார்கள், வைரஸ் இல்லை*

இனித்தான் எங்கள் ஊருக்கான பகுதி.

1988இலிருந்து அந்தமான் தீவுகளில் மழைக்காலம் முடிகிற நேரம் ஒரு காய்ச்சல் வந்தது. நுரையீரலில் இரத்தம் கசிந்து சனம் செத்தது. காரணம் தெரியாமல் அதற்கு அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றே பெயர் வைத்தார்கள். 1990களில்தான் அது லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா, அதாவது எலிக்காய்ச்சல், என்று தெரிந்தது.

1995இல் மத்திய அமெரிக்காவின் நிக்கராகுவாவில் கடும் மழைக்குப் பிறகு அச்சுவாப்பா என்ற ஊரில் இதே கதை. டெங்குவாக இருக்குமோ, புது வைரஸோ என்று பயந்தார்கள். கடைசியில் இறந்தவர்களின் நுரையீரலில் இருந்தது எலிக்காய்ச்சல் கிருமி. கண் மஞ்சளாகவில்லை, அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

இத்தனைக்கும் இந்தக் கிருமி 1915இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஜப்பானில் இனாடா, இடோ என்ற இரண்டு வைத்தியர்கள் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வந்த காய்ச்சலிலிருந்து அதை எடுத்துக் காட்டினார்கள். இலங்கையில் 1950களிலிருந்து பதிவாகி வருகிறது. 2008இல் நாடு முழுவதும் 7,000க்கும் மேற்பட்டோருக்கு வந்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2011 வெள்ளத்துக்குப் பிறகு எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான அநுராதபுரத்தில் பரவியது. அங்கும் எங்களைப் போல வரண்ட வலயம், குளம், வயல்.

2024 நவம்பர் கடைசியில் பெங்கல் புயல் மழை. வடக்கு முழுவதும் வெள்ளம். டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாகச் சில நாட்களுக்குள் குறைந்தது ஏழு பேர் இறந்தார்கள். அப்போது எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் வந்த குரல் பதிவுகளை நினைத்துப் பாருங்கள். "மர்மக் காய்ச்சல்", "புது வைரஸ்", "திரும்பக் கொவிட்". நானும் ஒன்றைப் பகிர்ந்தேன், மறைக்கவில்லை. பரிசோதனை முடிவு வந்தபோது அது எலிக்காய்ச்சல்.

வைரஸா, பக்டீரியாவா என்பது சும்மா பெயர்ப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். "வைரஸ் என்றால் மருந்து இல்லை, தானாகப் போகும்" என்று நாங்கள் வீட்டில் இருக்கிறோம். அதுவே முழுச் சரி இல்லை. இன்புளுவென்சாவுக்கு மருந்து உண்டு, அதையும் முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் கூடுதல் பலன். எலிக்காய்ச்சலுக்கோ பெனிசிலின், செப்ட்ரியாக்சோன், டொக்சிசைக்கிளின் என்று பழைய, மலிவான மருந்துகளே போதும். ஆனால் நேரத்தோடு தொடங்க வேண்டும். நுரையீரலில் இரத்தம் கசியத் தொடங்கிய பிறகு கதை வேறு. அப்போது அதிதீவிர சிகிச்சை, மூச்சு இயந்திரம், சிறுநீரகமும் பழுதானால் இரத்தச் சுத்திகரிப்பு. அதைத் தாமதிக்காமல் தினமும் செய்தால் கூடுதல் பேர் பிழைக்கிறார்கள் என்று பிரேசில் வைத்தியர்கள் காட்டினார்கள். எங்கள் நாட்டிலும் சில வைத்தியசாலைகளில் இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றிப் பார்க்கிறார்கள். அது எவ்வளவு உதவும் என்பதில் இன்னும் முடிவான பதில் இல்லை. இவ்வளவும் செய்தும் பலர் இறக்கிறார்கள். முதல் மூன்று நாளில் சில நூறு ரூபாய் மருந்தால் முடிகிற வேலை, ஆறாம் நாளில் இத்தனை இயந்திரத்தாலும் முடியாமல் போகிறது.

*நாங்கள் செய்யக்கூடியது*

வயலுக்குள், வாய்க்காலுக்குள், வெள்ளத்துக்குள் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் இருந்தால் ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம்.

டொக்டர் கேட்காவிட்டாலும் "நான் வயலுக்குள் நின்றனான்" என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் சிகிச்சையையே மாற்றும்.

காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அதுவும் அளவோடு. டிஸ்பிரின், புரூபன், டைக்ளோபெனாக் போன்ற நோவுக் குளிசைகள் வேண்டாம். டெங்குவாக இருந்தாலும் எலிக்காய்ச்சலாக இருந்தாலும் அவை ஆபத்து.

மூச்சு வேகமானால், சளியில் இரத்தம் கண்டால், உதடு நீலமானால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை ஆளைச் சாய்வாக இருத்தி வையுங்கள்.

விதைப்புக்கு முன்னர் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். வயலில் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒரு முறை எடுக்கும் தடுப்புக் குளிசை பற்றிக் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது பொருந்தாது, ஆகவே கேட்காமல் எடுக்க வேண்டாம். காலில் காயத்தோடு சேற்றில் இறங்காதீர்கள்.

*அவன் கேட்ட இரண்டாவது கேள்வி*

வகுப்பு முடிந்து தனியாக வந்தபோது அவன் கேட்டது இதுதான். "டீச்சர், வாப்பாவுக்கு உடம்பு நோகுது எண்டு சொன்னதால நான்தான் கடையில குளிசை வாங்கிக் குடுத்தன். அதாலயா?"

இத்தனை காலமும் இதை மனதில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். பீ.எச்.ஐ. வீட்டுக்கு வந்து எலிக்காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போனதுகூட அவன் காதில் ஏறவில்லை.

மகன், நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். உன் வாப்பாவுக்கு வந்தது நீ பயந்த வைரஸ் இல்லை. வயல் தண்ணியில் இருந்த பக்டீரியா. நீ வாங்கிய இரண்டு குளிசையால் அது வரவில்லை. 1918இல் உலகத்தின் பெரிய வைத்தியர்களே தெரியாமல் கை நிறைய அஸ்பிரின் கொடுத்தார்கள், நோயாளி பிழைக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான். நீயும் வாப்பாவின் நோவு குறைய வேண்டும் என்றுதான் ஓடினாய். தெரிந்திருக்க வேண்டியவர்கள் பெரியவர்களான நாங்கள். மூணு நாளில் போயிடும் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

மரணத்தின் நேரம் அல்லாஹ்விடம். ஆனால் மருந்து தேடச் சொன்னதும் அதே மார்க்கம்தான்.

இந்தப் பதிவைப் பெரும்போகம் தொடங்க முன்னர் வயல் செய்கிற நாலு பேருக்காவது அனுப்புங்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று அந்தத் தண்ணி பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் இருக்கும் வைத்தியர்கள், தாதியர்கள் யாராவது இதில் பிழை கண்டால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அந்த வாப்பாவுக்காக ஒரு துஆச் செய்யுங்கள்.